கருவியின் எண்ணும் கரியாலூர்ப் பாட்டியின் படமும்

இலக்கியம் பேசக் கூடுகிற இடத்தில் காப்பீட்டைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். எண்ணூறு பக்க நாவலை இரண்டே இரவில் படித்துவிட்டு, அதில் கண்ட ஓர் அச்சுப் பிழைக்காக ஒரு வாரம் வாதாடக்கூடியவர்கள் நாங்கள். அதே நாங்கள், நண்பர் ஒருவரின் கேமராவுக்கான காப்பீட்டுப் பத்திரத்தின் ஆறே பக்கங்களை, கேமரா களவுபோய் இருபது நாள் கழித்துத்தான் முதன்முதலாகப் படித்தோம். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுத வைக்கிறது.

நண்பர், கள்ளக்குறிச்சிக்கு அருகே ஒரு சிற்றூரில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று ஊரார் வீட்டு விசேஷங்களைப் படமெடுப்பது அவருடைய பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தால் கல்வராயன் மலைக்கு ஏறிவிடுவார். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் வீடுகளையும் கொட்டில்களையும், சாமை விளைந்து நிற்கும் சரிவுகளையும் படமெடுப்பது அவருடைய ஆசை. ஐந்தாறு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறார். எவரும் கேட்டுச் செய்ததில்லை. எவரும் கூலி கொடுத்ததுமில்லை.

சென்ற ஆண்டு ஆவணியில் நாங்கள் நால்வர் அவருடன் சென்றோம். கச்சிராயப்பாளையத்தைக் கடந்து, கோமுகி அணையை ஒட்டி மலையேறும் பாதை. வெள்ளிமலைக்குப் பக்கத்திலிருக்கும் கரியாலூர், படகுத் துறையும் சிறுவர் பூங்காவும் பார்க்க வருவோருக்கு ஒரு சுற்றுலா இடம். நண்பருக்கு அது பழகிய வீடுகளின் ஊர். அதை அடுத்த ஒரு சிற்றூரில், தொண்ணூறை எட்டியிருந்த பாட்டி ஒருவர் திண்ணையில் அமர்ந்து அவரை வரவேற்றார். அதுவரை படமெடுக்க ஒப்பாதவர் அன்று என்ன நினைத்தாரோ, "எடுத்துக்க சாமி, இன்னும் எத்தன நாளு" என்றார். நண்பர் பத்து நிமிடம் பேசிக்கொண்டே ஏழெட்டுப் படங்கள் எடுத்தார். பின்னால் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

மாலையில் மலையிறங்கி, அடிவாரத்துச் சாலையில் ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். கேமராப் பை பின்னிருக்கையில் இருந்தது. காற்றுக்காகக் கார்க் கண்ணாடி நான்கு விரல் அளவு இறக்கிவிடப்பட்டிருந்தது. கதவைப் பூட்டினோமா என்பது அன்று எங்கள் ஐவருக்கும் நினைவில்லை, இன்றும் நினைவில்லை. தேநீர் குடித்துத் திரும்பியபோது பை இல்லை. கேமரா, இரண்டு லென்ஸ், ஃபிளாஷ், நினைவட்டைகள் எல்லாம் அதற்குள். கேமராவுக்கு இன்னும் பதினொரு மாதத் தவணை பாக்கி.

"இன்சூரன்ஸ் இருக்குண்ணே" என்று நண்பர்தான் எங்களுக்கு ஆறுதல் சொன்னார்.

புகார் எழுத உட்கார்ந்தபோதே முதல் இடி. கேமராவின் எண் என்ன என்ற கேள்விக்கு விடையில்லை. "கறுப்பு நிறப் பை, அதனுள் கறுப்பு நிறக் கேமரா ஒன்று" என்று எழுதிக்கொடுத்தோம். உலகில் விற்கும் கேமராக்களில் பெரும்பாலானவை கறுப்பு என்பது எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. கடை ரசீதைத் தேடி எடுத்தால் அது வெள்ளைத் தாளாகியிருந்தது. வெப்பத்தால் அச்சாகும் ரசீதுத் தாள் ஓரிரண்டு ஆண்டில் வெளுத்துவிடும். காப்பீட்டுப் பத்திரத்தின் அட்டவணையில் "கேமராவும் துணைக்கருவிகளும்" என்று ஒரே வரி, ஒரே தொகை. அதில் கணக்கிடப்பட்ட லென்ஸ் ஒன்றை நண்பர் இடையில் விற்றுவிட்டு, கைமாற்றாக வேறொன்றை ரசீதின்றி வாங்கியிருந்தார். அதைக் காப்பீட்டாளரிடம் தெரிவிக்கவுமில்லை.

இரண்டு மாதம் கழித்து வந்த கடிதம் இழப்பீட்டை மறுத்தது. ஆளில்லாத வாகனத்திலிருந்து களவுபோகும் பொருளுக்கு, அந்த வாகனம் பூட்டப்பட்டு, உடைத்துத் திறந்த அடையாளமும் இருந்தால்தான் பொறுப்பு என்று பத்திரத்தின் நான்காம் பக்கத்தில் நிபந்தனை இருந்தது. எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமன்று. ஏழை வயிற்றில் அடிக்கிறார்கள் என்று கொதித்தோம். ஆயினும் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது கோபம் எங்கள்மீதே திரும்பியது. விதி அங்கேதான் இருந்தது. கையெழுத்திட்டவர் படிக்கவில்லை, படிக்கத் தெரிந்த நண்பர்கள் படித்துச் சொல்லவுமில்லை. பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது என்பது அவருக்குச் சமாதானம். எங்களுக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

நிற்க. இங்கே நாங்கள் சொல்ல விரும்புவது, காப்பீடு வீண் என்பதன்று. காப்பீடு நாம் இழந்ததைத் திருப்பித் தருவதில்லை. இழந்ததாக நாம் நிறுவக்கூடியதை மட்டுமே, பத்திரத்தின் நிபந்தனைக்கு உட்பட்டுத் தரும். ஆகவே பட்டியல் முதலில், பாலிசி பிறகு. பொருளைப் பற்றி எழுதி வைப்பதே அடிப்படைக் காப்பீடு. அதன்மேல் கட்டப்படும் மாடிதான் பிரீமியம் கட்டி வாங்குவது.

இந்த அறிவு நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். முதலாம் இராசராசன் காலத்தில் கோயிலுக்கு அளிக்கப்பட்ட நகைகள் ஒவ்வொன்றும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டு, இத்தனை முத்து, இத்தனை மாணிக்கம், சரடு நீக்கி நிறுத்தால் இவ்வளவு என்று வெட்டப்பட்டுள்ளது. செப்புத் திருமேனிகளுக்கு உயரமும் கைகளின் எண்ணிக்கையும்கூடச் சொல்லப்பட்டிருக்கின்றன. பக்தி மிகுந்தவர்கள் கணக்கில் கறாராக இருக்கக்கூடாது என்று அக்காலத்தார் நினைக்கவில்லை.

நம் மாவட்டத்துக்கே வருவோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்து வீரசோழபுரம் சிவன் கோயிலிலிருந்து பல பதிற்றாண்டுகளுக்கு முன் களவுபோன செப்புத் திருமேனிகளில் ஆறு, அமெரிக்காவில் இருப்பதைக் கண்டறிந்ததாகத் தமிழகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022இல் அறிவித்தது. எதைக் கொண்டு கண்டறிந்தார்கள்? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அந்தத் திருமேனிகளை முன்பே ஒளிப்படமெடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பழைய படங்களோடு ஒப்பிட்டுத்தான். விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் சிலையும் ஸ்ரீபுரந்தான் நடராசரும் 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து நாடு திரும்பியதிலும் அதே நிறுவனத்தின் படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. யாரோ ஒருவர், எப்போதோ, வெயிலில் நின்று எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம், கடல் கடந்து போன கடவுளை அடையாளம் காட்டியிருக்கிறது.

ஒரு ஊரின் உடைமைக்குச் சாட்சி சொல்லும் வல்லமை ஒளிப்படத்துக்கு உண்டு. ஆனால் அந்தச் சாட்சியத்தை உண்டாக்கும் கருவிக்குச் சாட்சி எங்கே? கல்யாண வீட்டில் ஒவ்வொரு சீர்வரிசைத் தட்டையும் படமெடுக்கும் நம் நண்பர், தம் கேமராவை ஒரு முறைகூடப் படமெடுத்ததில்லை. இந்த முரணைத்தான் எங்களால் மறக்க முடியவில்லை.

செய்ய வேண்டியது மிக எளிது, காசும் செலவில்லை. கேமரா, லென்ஸ், ஃபிளாஷ், முக்காலி என ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதுக. தயாரிப்பாளர் பெயர், மாதிரியின் பெயர், வரிசை எண், வாங்கிய நாள், விலை, வாங்கிய இடம் ஆகிய ஆறும் வேண்டும். வரிசை எண் பெரும்பாலும் கேமராவின் அடிப்புறத்தில் இருக்கும். சிலவற்றில் மடக்குத் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். லென்ஸில் அதன் உடற்பகுதியிலோ முன்வளையத்திலோ பொறித்திருப்பார்கள். அந்த எண் தெளிவாகத் தெரியும்படி கைப்பேசியில் ஒரு படம், பொருள் முழுமையாகத் தெரியும்படி ஒரு படம், கீறலோ வடுவோ இருந்தால் அதற்கு ஒரு படம். ரசீது கைக்கு வந்த அன்றே அதையும் படமெடுத்துவிட வேண்டும். வெளுத்த பிறகு எடுத்துப் பயனில்லை.

இந்தப் பட்டியலைக் கேமராப் பையிலேயே வைத்திருப்பவர்களும் உண்டு! பையோடு பட்டியலும் போகும். கடையில் மட்டும் வைப்பதும் ஆபத்து. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது நம் வட மாவட்டங்களிலும் வெள்ளம் புகுந்த இடங்களில், பொருளும் அதற்கான தாளும் ஒரே நீரில் மிதக்கும் நிலை வந்தது. ஒரு பிரதி மின்னஞ்சலில், இன்னொன்று வேறூரில் இருக்கும் உறவினர் வீட்டில் என இருக்க வேண்டும்.

எண் குறித்து வைக்காதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இதை நாங்கள் மூன்று வாரம் கழித்தே அறிந்தோம். எண்ணியல் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் எக்ஸிஃப் என்னும் தகவல் தொகுதி ஒன்று பதிவாகும். மாதிரியின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றோடு பல கேமராக்கள் தம் வரிசை எண்ணையும் அதில் எழுதிவிடுகின்றன. சமூக வலைத்தளங்களில் ஏற்றிய படங்களில் பெரும்பாலும் இது நீங்கிவிடும். மூலக் கோப்பு வேண்டும். நண்பரின் பழைய வன்தட்டில் ஒரு காதுகுத்துப் படத்திலிருந்து எண்ணைத் தோண்டியெடுத்துப் புகாரில் சேர்த்தோம். அதற்குள் அந்தக் கேமரா எத்தனை கை மாறியதோ.

இனிக் காப்பீடு. வீட்டுக்கென்று எடுக்கும் பாலிசி கேமராவையும் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பாரத் கிருக ரக்‌ஷா என்னும் பொதுவான வீட்டுப் பாலிசி, தீ, வெள்ளம், நிலச்சரிவு போன்றவற்றுக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் அதில் களவு என்பது, அத்தகைய பேரிடர் நிகழ்ந்து ஏழு நாட்களுக்குள் நடக்கும் களவு மட்டுமே. மலைப்பாதையில் தொலைந்த பைக்கு அங்கே இடமில்லை. வெளியே கொண்டுசெல்லும் கருவிக்கு அதற்கெனத் தனிப் பாலிசி வேண்டும். பிழைப்புக்குப் பயன்படுத்தும் கருவி என்றால் அதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்துச் சேமிக்கும் பிரீமியம், இழப்பு வரும் நாளில் முழுதும் நட்டமாகும்.

தொகையைக் குறைத்துக் காட்டுவதும் அப்படியே. 2,00,000 ரூபாய் மதிப்புள்ள கருவிகளை 1,00,000 ரூபாய்க்கு மட்டும் காப்பீடு செய்திருக்கிறீர்கள். கீழே விழுந்து 40,000 ரூபாய்ச் சேதம் என்று கொள்வோம். குறைகாப்பீட்டு விதி உள்ள பாலிசியில் மதிப்பில் பாதிக்கே காப்பீடு என்பதால் சேதத்திலும் பாதி, அஃதாவது 20,000 ரூபாய்தான் கணக்காகும். தேய்மானம் கழிப்பது வேறு.

கரியாலூர் போன்ற இடங்களுக்குச் செல்வோர் அறிய வேண்டிய இன்னொன்று, மூடுபனி. ஈரத்தில் புழங்கிய லென்ஸைத் துடைத்து உலர்த்தாமல் பையில் அடைத்தால் உள்கண்ணாடியில் பூஞ்சை படரும். சிலந்தி வலை போலத் தொடங்கி, பின்பு கண்ணாடியின் மேற்பூச்சையே தின்றுவிடும். மெல்ல மெல்ல நேரும் இத்தகைய கேடும் தேய்மானமும் பாலிசிகளில் பொதுவாக விலக்கப்பட்டவை. காற்றுப் புகாத டப்பாவும் சில ரூபாய்ச் சிலிக்கா ஜெல்லும்தாம் இதற்குக் காப்பீடு.

களவு நேர்ந்தால் காலம் தாழ்த்தாமல் புகார் கொடுக்க வேண்டும். காப்பீட்டாளருக்கும் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, களவு எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதியலாம். முதல் தகவல் அறிக்கையின் பிரதி புகார் கொடுத்தவருக்கு இலவசம். மலையில் தொலைந்ததா, அடிவாரத்தில் தொலைந்ததா என்று மயங்கி நிற்போர் இதை நினைவில் கொள்க. இழப்பீடு தவறாக மறுக்கப்பட்டதாகக் கருதினால், முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் விடையில்லை, அல்லது விடை நிறைவளிக்கவில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை. தமிழகத்துக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. எங்கள் நண்பருக்கு அங்கே போக வழி இருந்தது. போய்ச் சொல்ல நியாயம் இல்லாததால் போகவில்லை.

இத்தனை கறாரும் வியாபாரிக்கு உரியது, கலைஞனுக்கு எதற்கு என்று ஒருவர் எங்களிடம் கேட்டார். அவருக்கு மா. கிருஷ்ணனை நினைவூட்ட விரும்புகிறோம். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் இளைய மகன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்த, காட்டுயிர் ஆர்வலர்கள் முன்னோடியாகப் போற்றும் எழுத்தாளர், ஒளிப்படக்காரர். அவர் பல பாகங்களைத் தம் கைப்பட இணைத்து உருவாக்கிய கனத்த கேமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு காடுகளில் அலைந்தார். வேடிக்கையாக அதற்குப் பெயரும் வைத்திருந்தார். அத்தகைய கருவிக்கு எந்தக் கடை ரசீது தரும்? எந்தச் சந்தை விலை சொல்லும்? ரசீதுள்ள பொருளைவிட ரசீதில்லாத பொருளுக்கே பட்டியல் மிகத் தேவை. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு செலவாயிற்று என்று எழுதி, படமும் எடுத்து வைத்தால், காப்பீட்டாளரிடம் முன்கூட்டியே ஒரு மதிப்பைப் பேசி ஒப்புக்கொள்ள வைக்கவாவது வழியுண்டு. பர்மா பஜாரில் ரசீதின்றி வாங்கியவர்களுக்கும், மூத்த கலைஞர் ஒருவரின் லென்ஸை அன்பளிப்பாகப் பெற்றவர்களுக்கும் இது பொருந்தும். தன் கருவியின் வடுவை அறிந்து வைத்திருப்பவன் அதைக் கொஞ்சம் கூடுதலாக நேசிக்கிறான் என்பதே எங்கள் எண்ணம்.

கட்டுரை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐப்பசியில் அந்தப் பாட்டி இறந்துபோனார். அவருடைய மகன் மலையிறங்கி நண்பரின் ஸ்டுடியோவுக்கு வந்தார். "காரியத்துக்கு வைக்கணும் தம்பி. அம்மாவுக்கு வேற படமே இல்ல. அன்னிக்கு நீங்க எடுத்தீங்களே" என்றார். அந்தப் படங்கள் பையிலிருந்த நினைவட்டையில் இருந்தன. இது மறுக்கப்பட்ட இழப்பீட்டின் கணக்கில் வராத இழப்பு. அனுமதிக்கப்பட்டிருந்தாலும் வந்திருக்காது. கருவிக்கு வழங்கும் பாலிசி, கருவி கண்டதற்குப் பொறுப்பேற்பதில்லை.

நண்பர் பழைய வன்தட்டுகளையெல்லாம் இரண்டு இரவு தேடினார். பாட்டியின் வீட்டுத் திண்ணை கிடைத்தது. அவருடைய ஆட்டுக்குட்டி கிடைத்தது. படமெடுக்கிறார்கள் என்று தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட அவருடைய முதுகுகூட ஒரு படத்தில் கிடைத்தது. முகம் கிடைக்கவில்லை. மகனிடம் என்ன சொல்வது என்று எங்களைக் கேட்டார். எங்களிடம் விடையில்லை.

படத்துக்கு ஒரே காப்பீடு, பிரதி. மலையிலேயே, அன்றைக்கே, கைப்பேசிக்கோ இரண்டாம் அட்டைக்கோ ஒரு பிரதி மாற்றியிருந்தால், அந்த அட்டையை எங்களில் ஒருவர் சட்டைப்பையில் வைத்திருந்தால், பை போயிருந்தாலும் பாட்டி போயிருக்கமாட்டார். அதைவிட முதன்மையானது, படத்தின் ஒரு பிரதி படத்தில் இருப்பவரிடம் இருக்க வேண்டும். மலைக்குப் போய் முகங்களை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், அடுத்த முறை அச்சிட்ட படத்தோடு போவது உபகாரமன்று, கடன். பண்பாட்டு ஆவணம், இனவரைவியல் என்றெல்லாம் மேடையில் முழங்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் அந்தக் கடன் உண்டு.

நண்பர் இப்போது கைமாற்றாக ஒரு கேமரா வாங்கியிருக்கிறார். விற்றவரிடம் எண்ணைக் குறித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டே பணம் கொடுத்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, இரு பகுதியாகப் பிரித்திருக்கிறார். முன்பகுதியில் கருவிகளின் பட்டியல். பின்பகுதியில் மலையில் எடுத்த படங்களின் பட்டியல்: ஊர், வீடு, ஆள், நாள், கடைசியாக 'படம் கொடுத்தாயிற்று' என்று ஒரு கட்டம். சென்ற வாரம் அதைப் பார்த்தோம். முதல் வரியில் கரியாலூர்ப் பக்கத்து அந்தச் சிற்றூரின் பெயரும் பாட்டியின் பெயரும் இருந்தன. கடைசிக் கட்டம் காலியாக விடப்பட்டிருந்தது.

கேமரா வைத்திருக்கும் அன்பர்கள் இன்றிரவே அதைத் திருப்பி, அடிப்புறத்து எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். காப்பீட்டுப் பத்திரம் இருந்தால் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள். ஆங்கிலம் படிக்கத் தயங்கும் ஒளிப்பட நண்பர் எவரேனும் இருந்தால், நாவலை ஒருநாள் தள்ளிவைத்துவிட்டு அவருடைய பத்திரத்தைப் படித்துத் தமிழில் சொல்லுங்கள். நாங்கள் செய்யத் தவறியது அது.